சொர்ணத்தின் துண்டில் வந்து உட்கார்ந்த குரல்

சங்குமுனை ஊர்க்காரர்கள் கடலுக்கும் கட்டுப்பட மாட்டார்கள், கலெக்டருக்கும் கட்டுப்பட மாட்டார்கள், ஒரு துண்டுத் துணிக்குக் கட்டுப்படுவார்கள். பஸ் ஜன்னல் வழியாக ஒரு துண்டை எறிந்துவிட்டால் அந்த சீட்டு எறிந்தவருக்கு, கல்யாணப் பந்தியில் ஒரு கைக்குட்டை கிடந்தால் அந்த இலை கைக்குட்டைக்காரருக்கு, தலைவர் வந்து பேசுகிற பொதுக்கூட்டமானாலும் சரி, பல் டாக்டர் வீட்டு வராந்தா பெஞ்சானாலும் சரி, துண்டு யாருடையதோ இடம் அவருடையது, அந்தத் துண்டின் மேல் யார் வந்து உட்கார்ந்தாலும் உட்கார்ந்தவர் துண்டுக்காரரின் ஆள். இந்தச் சட்டத்தை எழுதியவர் என்று யாரும் கிடையாது, மீறியதாக ஒப்புக்கொண்டவர் என்றும் யாரும் கிடையாது. பியூலாவுக்குப் பொல்லாத காலம் பிறந்ததும் இந்தச் சட்டத்தால்தான்.

பியூலா போஸ்டாபீஸ் கவுண்டரில் ஸ்டாம்பு கிழித்துக் கொடுக்கிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் பெரிய கோயில் பாடகர் குழுவில் இரண்டாவது பெஞ்சில் நின்று ஆல்ட்டோ பாடுகிறவள். ஆல்ட்டோ என்றால் என்ன என்று சங்குமுனையில் பாதிப் பேருக்குத் தெரியாது, தெரிந்த மீதிப் பேருக்கும் அக்கறை கிடையாது. மேலே ஒரு குரல் ராகத்தை இழுத்துக்கொண்டு ஊரெல்லாம் கேட்கப் போகும், அடியில் ஓர் ஆண்குரல் தரை போட்டதுபோல் கிடக்கும், இரண்டுக்கும் நடுவில், இருந்த இடத்தை விட்டு அதிகம் நகராமல், ஒரு சுருதி மேலே ஒரு சுருதி கீழே என்று நின்று மொத்தப் பாட்டையும் தாங்கிக்கொண்டிருக்கிற பெண்குரல்தான் ஆல்ட்டோ. இருந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், இல்லாவிட்டால் ஏதோ குறைகிறது என்பார்களே தவிர என்ன குறைகிறது என்று சொல்லத் தெரியாது. முப்பது வருஷமாக அப்படி நின்று பாடியவளை, ‘நல்லாப் பாடினீய’ என்று ஒரு மனுஷர் சொன்னதில்லை.

அதனால்தானோ என்னவோ, பொங்கல் கழிந்து வருகிற வெறும்வாய்க் கச்சேரி என்றால் அவளுக்கு உயிர். போஸ்டரில் அகாபெல்லா என்று போட்டிருக்கும், ஊர்வாயில் வெறும்வாய்க் கச்சேரி. தெற்கேயிருந்து ஐந்து பேர் வருவார்கள், தபலா கிடையாது, கீபோர்டு கிடையாது, சுருதிப்பெட்டிகூடக் கிடையாது, ஐந்து வாயைத் தவிர ஒன்றும் கொண்டுவராமல் செல்லக்கனி மஹாலின் மேடையில் வரிசையாக நின்று இரண்டு மணி நேரம் பாடுவார்கள். தடித்த ஒருவர் உதட்டாலேயே மேளம் கொட்டுவார், குழந்தைகள் அவரைப் பார்க்க வரும். மேல்குரல் பாடுகிற பெண்ணின் ஜிமிக்கியைப் பார்க்கப் பெண்கள் வருவார்கள். பியூலா மட்டும் இடது ஓரத்தில் நிற்கிற அக்சா என்கிற ஒல்லிப் பெண்ணின் நடுக்குரலைக் கேட்க வருவாள். இந்தக் கூட்டத்தில் அந்தக் குரல் என் ஒருத்திக்குத்தான் கேட்கிறது என்ற எண்ணம் அவளுக்கு, அந்த எண்ணத்தில் ஒரு கர்வமும்.

தனியாக வந்து கேட்டாலும் ருசிக்காது என்பதால் பள்ளிக்கூடத்திலிருந்தே கூடத் திரிகிற இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டுதான் வருவாள். ஒருத்தி ரஹ்மத், பஜாரில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவள், எதையும் ஒருமுறைக்கு இரண்டுமுறை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். இன்னொருத்தி சொர்ணம், சந்தைத் தெருவில் மாவு மில் நடத்துகிறவள். மில் சத்தத்திலேயே இருந்து இருந்து காது மந்தம், பேசினால் கத்தல், சிரித்தால் அதைவிடக் கத்தல். கச்சேரிக்கு அவள் வருவது இடைவேளையில் கிடைக்கிற மக்ரூனுக்காக, பாட்டு ஆரம்பித்தால் தலை சாய்த்துத் தூங்கிவிடுவாள், தூங்குவதை ஒளிக்கவும் மாட்டாள்.

அந்த வருஷம் துண்டு போடுவதில் பியூலா ஒரு தந்திரம் செய்தாள். மூன்றாவது வரிசையில் அக்சாவுக்கு நேர் எதிரே இருக்கிற நாற்காலிதான் எப்போதும் அவளுடையது. போன வருஷம் ஒரு வாத்தியார் சம்சாரம் அவளுடைய கைக்குட்டையைத் தள்ளிவிட்டு, காற்றில் பறந்துவிட்டது என்று சாதித்துவிட்டாள். ஆகவே இந்த வருஷம், சொர்ணம் மில்லில் தோளில் போட்டுக்கொள்கிற மாவுத் துண்டை வாங்கிவந்து தன் நாற்காலியில் விரித்தாள். பட்டுச்சேலை கட்டியவள் எவளும் அந்தத் துண்டுக்குப் பக்கத்தில்கூட வரமாட்டாள் அல்லவா? ஊதாப்பூ தைத்த தன்னுடைய கைக்குட்டையைத் தூணை ஒட்டின சொர்ணத்தின் நாற்காலியில் போட்டாள். தூங்குகிறவளுக்குத் தூண் மறைத்தால் என்ன, மறைக்காவிட்டால் என்ன!

இடைவேளை வந்தது. “ஏட்டி பியூலா, இன்னும் ரெண்டு மக்ரூன் வாங்கியாயேன், எனக்குக் கால் மரத்துப்போச்சி” என்று சொர்ணம் கத்தினாள். முன்வரிசையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். பியூலா முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, இடம் போய்விடாமல் மாவுத் துண்டை மறுபடியும் நாற்காலியில் விரித்துவிட்டுப் போனாள். கேண்டீனில் நீளமான வரிசை. இவள் கையில் மக்ரூன் வருவதற்குள் உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது, ஆரம்பித்த பாட்டின் நடுவில்தான் அது நடந்தது.

அக்சாவின் குரல் அக்சாவை விட்டு இறங்கியது. அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது, பாட்டும் நிற்கவில்லை, ஆனால் குரல் மட்டும் மேடைப் படிகளில் இறங்கி, பாடிக்கொண்டே நடுப்பாதையில் வந்து, முதல் வரிசையைத் தாண்டி, இரண்டாவது வரிசையில் கால் நீட்டியிருந்த ஒரு பெரியவர் காலை மடக்கும்வரை பொறுத்திருந்து, மூன்றாவது வரிசைக்குள் நுழைந்து, மாவுத் துண்டு விரித்திருந்த நாற்காலியில் உட்கார்ந்தது. பிளாஸ்டிக் நாற்காலி லேசாக முனகியது, துண்டிலிருந்து கொஞ்சம் மாவு எழும்பி அடங்கியது. பக்கத்தில் இருந்த ரஹ்மத் தன் முந்தானையை இழுத்து வைத்துக்கொண்டு இடம் விட்டாள்.

பியூலா இரண்டு கையிலும் மக்ரூனோடு வந்து பார்த்தால், தன்னுடைய நாற்காலியில் ஆல்ட்டோ உட்கார்ந்திருக்கிறது.

பாட்டு முடிந்ததும் மஹால் மேனேஜர் வந்தார், நாற்காலியை ஒரு சுற்றுச் சுற்றினார், எல்லோரும் எதிர்பார்த்த கேள்வியைக் கேட்டார்.

“யாரு துண்டு?”

“சொர்ணத்துத் துண்டு” என்றார்கள் நாலாபக்கமும்.

“எடம் என்னோடது! நான்தான் துண்டு போட்டேன்!” என்றாள் பியூலா.

“அது சரிம்மா, போட்டது நீங்க. துண்டு யாரோடது?”

சொர்ணத்தை எழுப்பி விஷயத்தைச் சொன்னார்கள். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு நாற்காலியைப் பார்த்து, “ஏட்டி பியூலா, இது உனக்குப் பிடிக்குமே, நீயே கொண்டு போயேன்” என்றாள். மனதாரத்தான் சொன்னாள். அந்த நேரத்தில் சரி என்ற ஒரு சொல்லை மட்டும் பியூலா சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தூங்குமூஞ்சி ஒருத்தி பிச்சை போடுவதுபோல் கொடுப்பதை வாங்குவதா என்று நெஞ்சுக்குள் ஒன்று சுருக்கென்று குத்த, “எனக்கென்னத்துக்கு, சட்டப்படி உன்னோடது, நீயே வச்சி அழு” என்று சொல்லிவிட்டு, மக்ரூனை அவள் மடியில் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

பாட்டுக்காரர்கள் குரலைக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், அது வரவில்லை. “கெடக்கட்டும், அலுத்துப்போச்சி போல. எல்லார் பாட்டுக்கும் நடுவுல நின்னே அதுக்குக் கால் கடுத்திருக்கும்” என்று அக்சாவே சொன்னாள். அவளுக்குப் பேச்சு வந்தது, சாப்பாடு இறங்கியது, பாட்டு மட்டும்தான் இல்லை. அந்த வருஷம் முழுக்க ஐந்து பேரும் ஊர் ஊராகப் போனார்கள், நான்கு பேர் பாட அக்சா உதட்டை அசைத்தாள், எந்த ஊரிலும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை. சில இடங்களில் மைக் சரியில்லை என்று சொன்னார்களாம். இதைக் கேள்விப்பட்டபோது பியூலாவுக்கு இரண்டு வேளை சாப்பாடு இறங்கவில்லை.

குரல் துண்டோடு சந்தைத் தெருவுக்குப் போய், மில்லில் துண்டு மாட்டுகிற ஆணியில் குடியேறியது. காலையில் சொர்ணம் சுவிட்சைத் தட்டியதும் மோட்டார் கீழே உறும, பெல்ட் மேலே இழுக்க, நடுவில் இருந்த காலி இடத்தில் குரல் போய் நின்றுகொண்டது. கம்பு திரிக்க வந்தவர்கள் சுளகோடு நின்று கேட்டார்கள். இரண்டே வாரத்தில் ஊர் இதற்குப் பழகிவிட்டது. பாட்டோடு திரித்த அரிசிமாவில் புட்டு பொலபொலவென்று வருகிறது என்றார்கள், கோதுமைமாவை உருட்டிப் போட்டால் சப்பாத்தி மறுநாளும் விறைக்கவில்லை என்றார்கள், பிள்ளை பெற்றவள் வீட்டுக்குக் கேப்பைமாவு என்றால் குரல் சாயங்காலம் கனிந்து பாடும் நேரமாகப் பார்த்துத்தான் கொண்டுவந்தார்கள். எதிர்த்தெரு மில்காரர் போட்டிக்கு ஒலிபெருக்கி வைத்து சினிமாப் பாட்டுப் போட்டார், அந்த மாவில் செய்த இடியாப்பம் அச்சிலேயே சிக்கிக்கொண்டது என்று ஊர் சொன்னது. மெய்யோ பொய்யோ, அவர் ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டு மிளகாய்ப்பொடிக்கு மட்டும் என்று போர்டு வைத்தார். கரண்ட் ஆபீஸிலிருந்து வந்தவர் குரலுக்குத் தனி மீட்டர் வேண்டுமா என்று யோசித்து, தலையைச் சொறிந்து, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். மாலையில் மில்லுக்கு எதிரே பெஞ்சு போட்டார்கள், பெஞ்சில் துண்டு போட்டார்கள். ஆல்ட்டோ என்ற சொல் சங்குமுனையில் அரிசி பருப்புபோலச் சாதாரணமாகிவிட்டது, புதிதாகப் பிறந்த ஒரு கன்றுக்குட்டிக்குக்கூட அந்தப் பெயரை வைத்தார்கள்.

பியூலாவின் கவுண்டருக்கு வருகிறவர்களெல்லாம் வேலைமெனக்கெட்டு அதையே பேசினார்கள். “என்ன இருந்தாலும் ஆல்ட்டோ ஆல்ட்டோதான்!” என்றார் ஒருவர், பெரிய கோயிலில் முப்பது வருஷமாக அவளுக்கு நேர் எதிரே உட்காருகிறவர்தான். அவர் கேட்ட கவருக்கு ஸ்டாம்பைத் தலைகீழாக ஒட்டிக் கொடுத்தாள் பியூலா. வயிற்றெரிச்சல் என்று சும்மாவா சொல்கிறார்கள், அவளுக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது, மோர் குடித்தும் அடங்கவில்லை. சந்தைத் தெரு வழியாகப் போவதை நிறுத்தி மீன்கடைத் தெருவைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். அரிசிமாவைக் கடையில் பாக்கெட்டாக வாங்கினாள். சொர்ணம் ஆள்விட்டுக் கூப்பிட்டால் தலைவலி என்றாள், ரஹ்மத் கூப்பிட்டால் ஆடிட் என்றாள். ரஹ்மத் ஒருநாள் ஸ்டாம்பு வாங்குகிற சாக்கில் வந்து, “சொர்ணம் ஒன்னக் கேட்டுட்டே இருக்கா. பகல் பூரா அந்தக் குரலுக்கு என்ன பேருன்னு எல்லார்ட்டயும் சொல்லுதா, பியூலா சொல்லித்தான் எனக்குத் தெரியும்ங்கா” என்றாள்.

“என் பேரச் சொல்ல அவளுக்கு என்ன வந்துச்சி? பாட்டுன்னா தூங்குத சவத்துக்கு வாச்சிருக்கு பாரு!” என்றாள் பியூலா. ரஹ்மத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் மாட்டிக்கொண்டு, ஸ்டாம்பை எடுத்துக்கொண்டு போனாள்.

கிறிஸ்துமஸ் வந்தது. பெரிய கோயில் பாடகர் குழுத் தலைவர் மில்லுக்குப் போய், பண்டிகை ஆராதனைக்குக் குரலை ஒருநாள் இரவல் தர வேண்டும் என்று கேட்டார். “கொண்டு போங்கய்யா, எங்க பியூலா நிக்குத எடந்தான!” என்று சொர்ணம் துண்டை மடித்துக் கொடுத்தாள். அதிகாலை ஆராதனையில் தலைவர் மாவுத் துண்டைக் கொண்டுவந்து இரண்டாவது பெஞ்சில் விரித்தபோது, அந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தது யார்? பியூலாதான்.

“பியூலாக்கா, கொஞ்சம் தள்ளிக்கிடுங்க. குரலுக்கு எடம் வேணும்” என்றார் தலைவர்.

தள்ளிக்கொண்டாள். சுவர்வரை தள்ளிக்கொண்டாள். குரல் பாடியது, சபை முழுக்க நடுக்குரலுக்குக் காது கொடுத்தது, ஆயர்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஆராதனை முடிந்ததும் வரிசையாக வந்து காலிப் பெஞ்சுக்கு வாழ்த்துச் சொல்லிவிட்டுப் போனார்கள், சுவரோடு நின்றவளைப் பார்த்து ஹாப்பி கிறிஸ்துமஸ் என்றார்கள். துண்டை மில்லில் சேர்த்துவிடும்படி தலைவர் அவளிடமே கொடுத்தார். கேக்கு வாங்கிய பைக்குள் துண்டைத் திணித்து, மீன்கடைத் தெரு வழியாக நடந்து, நேரே தன் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டாள் பியூலா. திருட்டு என்று சொல்லுங்கள், அவள் மறுக்கப்போவதில்லை.

சமையலறை ஆணியில் துண்டை மாட்டி, எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். இனி இது எனக்கு மட்டும். குரல் தொண்டையைக் கனைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தது. ஒரு சுருதி. அதே சுருதி. மேலே ஒரு படி, திரும்ப அதே சுருதி. கொஞ்ச நேரத்தில் பியூலாவுக்கு நிமிர்ந்து உட்கார வேண்டியிருந்தது. மேலே ராகமும் இல்லை, கீழே தரையும் இல்லை, வெறும் நடுக்குரல் தனியாக நின்றுகொண்டிருந்தது, இன்ன பாட்டு என்றே சொல்ல முடியாது. சரி, ராகத்தை நாம் பாடினால் கூடச் சேர்ந்துகொள்ளும் என்று வாயைத் திறந்தாள். வந்தது ஆல்ட்டோ. மறுபடியும் முயன்றாள், மறுபடியும் ஆல்ட்டோ. அவள் காதுக்கு எல்லாப் பாட்டின் ராகமும் தெரியும், தொண்டைக்கு ஒன்றுகூடத் தெரியாது. ஒரே சுருதியில் இரண்டு பேரும் மூச்சு வாங்க நின்றார்கள், ஒரே வாசலில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு நிற்கிற மாதிரி.

அடுத்த நாளும் அப்படித்தான், அதற்கடுத்த நாளும் அப்படித்தான். குரல் வரவரக் கம்மிப்போனது. மில்லில் மோட்டாரும் பெல்ட்டும் பாவம் மொட்டையாக ஓடுகின்றன, புட்டு கட்டிக்கட்டியாக வருகிறது என்று கவுண்டரில் பேசிக்கொண்டார்கள். துண்டு எங்கே என்று கேட்டவர்களிடம் சொர்ணம், “பியூலா தொவைக்கக் கொண்டு போயிருக்கா, நல்லாக் காயணும்லா!” என்று சொன்னாளாம். அதைக் கேட்டதும் பியூலாவுக்கு வெட்கமும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. கெட்டவளாகவாவது ஒரு தடவை நடந்துகொள்ளக் கூடாதா இந்தச் சொர்ணம்?

குரல் சுத்தமாக அடங்கிப்போன ஒரு மத்தியானத்தில் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ரஹ்மத்துக்குப் போன் போட்டாள். “ஏட்டி, சொர்ணத்தக் கூட்டிட்டு வா. காரணம் கேக்காத” என்றாள்.

இருவரும் வந்தார்கள். சொர்ணம் முழங்கைவரை மாவோடு, கையில் மக்ரூன் பொட்டலத்தோடு வந்தாள். ஆணியில் தொங்குகிற துண்டைப் பார்த்தாள், பியூலாவின் முகத்தைப் பார்த்தாள், “அங்க கடல்காத்து ஜாஸ்தி, இங்கன கெடந்தா நல்லதுதான்” என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

“பாடு” என்றாள் பியூலா.

“நானா? எனக்கு என்ன பாட்டுட்டி தெரியும்?”

“அஞ்சாங்கிளாஸ்ல ஆண்டுவிழாவுக்குப் பாடுனோமே, உப்புக் காத்தே ஊருக்குள்ள வான்னு. அதப் பாடு.”

சொர்ணம் பாடினாள். மில் மோட்டாரை மீறிப் பேசியே பழகின தொண்டை, பக்கத்து வீட்டுக் கோழிகள் எழுந்து நின்றன. ஆனால் ராகம் பிசகவில்லை. ஊரில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அவளுக்கும் ராகம் தெரிந்திருந்தது. ரஹ்மத் யோசித்துப் பார்த்துவிட்டு, உதட்டைக் குவித்துத் தும் தும் என்று தரை போட்டாள். துண்டு அசைந்தது. குரல் எழும்பி நடுவில் வந்து நின்றது, பியூலாவும் தன்னையறியாமலே கூடச் சேர்ந்துகொண்டாள், சமையலறையில் தட்டுகள் மெல்ல அதிர்ந்தன. இரண்டாவது அடியில் குரல் நின்றுவிட்டது. ஒதுங்கி ஆணிப் பக்கம் போய்க் கேட்டுக்கொண்டிருந்தது. பியூலா நிறுத்தவில்லை, கடைசி அடிவரை நடுவில் நின்று தாங்கினாள்.

“பாத்தியாட்டி, ஒன் வீட்டுலயும் எம்புட்டு அழகாப் பாடுது!” என்றாள் சொர்ணம்.

“குரல் பாடல சொர்ணம். அது பாதியிலயே நின்னுட்டு. பாடுனது பியூலா” என்றாள் ரஹ்மத்.

“இவளா?” சொர்ணம் வாயைப் பிளந்தாள். “இவளுக்குப் பாட வருமா?”

“முப்பது வருசமா கோயில்ல பாடுதேன்!” பியூலா கத்தினாள். கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. “ஒவ்வொரு பண்டியலுக்கும் கேக்கு திங்க வாரேல்லா, ஒருநாள்கூடக் கேட்டதில்லையா நீ?”

“சத்தியமாக் கேட்டதில்லட்டி. கூட்டத்தோட கூட்டமா வாய அசைக்கன்னுல்லா நெனச்சேன்” என்றாள் சொர்ணம் பரிதாபமாக. அதைக் கேட்டு ரஹ்மத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சொர்ணத்துக்கும் வந்துவிட்டது, பியூலா அழுதுகொண்டே அவர்களைத் திட்டினாள், திட்டிக்கொண்டே மக்ரூன் தின்றாள். போகும்போது துண்டை எடுக்காமலே போனாள் சொர்ணம். “கச்சேரிக்கு வரப்பக் கொண்டாந்துரு” என்றாள்.

கச்சேரி நாளில் செல்லக்கனி மஹாலுக்குள் நுழைந்தவர்கள் எல்லோரும் தும்மினார்கள். ஏனென்றால் சங்குமுனையில் அத்தனை பேரும் முந்தின நாளே சொர்ணத்தின் மில்லுக்குப் போய் துண்டிலும் கைக்குட்டையிலும் மாவு தடவிக்கொண்டு வந்திருந்தார்கள். முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைவரை நாற்காலிதோறும் மாவுத் துண்டு, வாத்தியார் சம்சாரம் பட்டுத் துண்டிலேயே மாவு பூசியிருந்தாள். இந்த வருஷம் மேல்குரல் எங்களுக்கு வரும் என்று ஒரு குடும்பம், உதட்டால் மேளம் கொட்டுகிற குரல் வந்தால் வீட்டில் எங்கே வைப்பது என்று ஒரு குடும்பம் கவலையோடு பேசிக்கொண்டது. பியூலா கருநீலச் சேலை உடுத்தி வந்து, மூன்றாவது வரிசையில் துண்டை விரித்து, அதன் மேலேயே அழுத்தமாக உட்கார்ந்துகொண்டாள். குரல் அவளுக்கு அடியில் இருந்தது. விடுவதாக இல்லை.

மேடையில் நான்கு பேர் பாடினார்கள், அக்சா உதட்டை அசைத்தாள். ஊரெல்லாம் தங்கள் தங்கள் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்ததால் அக்சாவை யாரும் பார்க்கவில்லை. பியூலா பார்த்தாள். அந்தப் பெண் ஒரு வருஷமாக இப்படித்தானே நின்றிருப்பாள் என்று தோன்றியது. உடனே, நான் முப்பது வருஷம் நின்றேன், எனக்கு யார் என்ன தந்தார்கள் என்றும் தோன்றியது. துண்டு லேசாக அவளை இடித்தது. அவள் இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

இடைவேளை மணி அடித்தது. சொர்ணம், தூங்காமல் முழித்திருந்த சொர்ணம், முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். “நீ இரி. இன்னைக்கு நான் போயி டீ வாங்கியாரேன். வருசாவருசம் நீதான நிக்க” என்றாள். சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குள் விந்தி விந்தி நடந்தாள், எதிரே வந்தவர்களெல்லாம் அவளை இடித்துவிட்டுப் போனார்கள். பியூலா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று டீயையும் இவள் கொட்டித்தான் கொண்டுவருவாள். எழுந்தால் குரல் போய்விடும் என்று தெரியும். “சனியனே, நில்லு” என்று கத்திக்கொண்டு எழுந்துவிட்டாள், துண்டைத் திரும்பிப் பார்க்காமல் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வரிசை போன வருஷத்தைப்போலவே நீளம். இவர்கள் டீயோடு நிற்கும்போதே உள்ளே பாட்டு ஆரம்பித்தது, முதல் அடியிலேயே பியூலாவுக்குத் தெரிந்துவிட்டது. நடுவில் அந்தக் குரல் நின்றுகொண்டிருந்தது, மேடையில், அக்சாவின் தொண்டையில். எவ்வளவு நிறைவாக இருந்ததோ அவ்வளவு எரிச்சலாகவும் இருந்தது அவளுக்கு. என்னிடம் இருக்க வேண்டிய குரல், எனக்கு வர வேண்டிய கைதட்டல். இதையெல்லாம் விட்டொழிக்கிற நல்ல குணம் அவளுக்கு வந்துவிட்டதாக நான் சொல்லப்போவதில்லை.

உள்ளே வந்தார்கள். மாவுத் துண்டு நாற்காலியில் தட்டையாகக் கிடந்தது. வெளியூரிலிருந்து யார் வீட்டுக்கோ விருந்துக்கு வந்த ஒருவர் அதை எடுத்துவிட்டு உட்காரக் குனிந்தார், சுற்றியிருந்த மூன்று வரிசையும் ஒரே சமயத்தில் சத்தம் போட்டது.

“அங்கன உக்காராதீய, துண்டு கெடக்குல்லா!”

“யாரு துண்டு?”

“சொர்ணத்துத் துண்டு. அவ ஆளு டீ வாங்கப் போயிருக்கு, இப்ப வந்துரும்.”

அந்த மனிதர் விலகினார். பியூலா டீயை ரஹ்மத்திடம் கொடுத்துவிட்டு, கருநீலச் சேலையோடு மாவுத் துண்டின் மேல் உட்கார்ந்தாள். நாற்காலி முனகியது, மாவு எழும்பி அடங்கியது. பாட்டின் மேல்குரல் உயர்ந்ததும் சொர்ணம் வழக்கம்போலத் தூங்குவதற்காகச் சாய்ந்தாள், இந்தத் தடவை பியூலாவின் தோளில். காதுக்குள் வாயை வைத்து, தூக்கக் கலக்கத்தில், தனக்கு மெதுவாகத் தோன்றிய குரலில் கேட்டாள். மஹால் முழுக்கக் கேட்டது.

“ஏட்டி, நீயும் கூடப் பாடேன். எனக்கு ஒன்னோடதுதான் பிடிச்சிருக்கு.”